திப்பியும் டிடிஜிஎஸ்ஸும்: சேலம் பக்கம் புதுசா மாடு ஆடு வெச்சிருக்கறவங்க தீவனம் கலக்கறது எப்படி

சேலம் சுத்துவட்டாரத்துல தீவனக் கடைக்கு போனா இப்பல்லாம் புண்ணாக்கு மூட்டைக்கு பக்கத்துல டிடிஜிஎஸ்னு (தானியத்துல ஆல்கஹால் எடுத்த பிறகு உலர்த்தின மிச்சம்) ஒரு மூட்டையும் அடுக்கி வெச்சிருக்காங்க. கடலைப் புண்ணாக்கை விட விலை கம்மி, புரதம் நிறைய இருக்கு, எடுத்துட்டு போங்கன்னு சொல்லுவாங்க. புதுசா மாடு வாங்கினவங்க சில பேரு அதை தவிடு மாதிரி நெனச்சு படி படியா அள்ளிப் போட்டுடறாங்க, நாலு நாள்ல சாணி தண்ணியா போகுது, பால்ல கொழுப்பு எறங்குது, உடனே "இது ஆவாது"ன்னு மூட்டையை கட்டி வெச்சிடறாங்க. இன்னும் சில பேரு சாராய ஆலையில இருந்து வர்றதுன்னு கேட்டதுமே தொடவே மாட்டேங்கறாங்க. ரெண்டுமே வேணாங்க. அளவு தெரிஞ்சு போட்டா இது ரொம்ப நல்ல சரக்கு, அதுவும் நம்ம சேலத்துக்காரங்களுக்கு மத்த ஊர்க்காரங்களை விட நல்லாவே பொருந்தும், ஏன்னா நம்மகிட்ட மரவள்ளிக்கிழங்குத் திப்பி இருக்கு. அந்த விஷயத்துக்கு கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்கோங்க

மக்காச்சோளத்தையோ அரிசி குருணையையோ மாவாக்கி, வேகவெச்சு, என்சைம் போட்டு அதுல இருக்கற மாவுச்சத்தை சர்க்கரையாக்கி, ஈஸ்ட் விட்டு நொதிக்க வெச்சு ஆல்கஹால் காய்ச்சி எடுக்கறாங்க. இப்படி போறது மாவுச்சத்து மட்டும்தான். புரதம், எண்ணெய், நார், தாது உப்பு எல்லாம் மிச்சமா நிக்கும், அதோட ஈஸ்ட்டும் சேர்ந்துக்கும். அந்த மிச்சத்தை பிழிஞ்சு, பிழிஞ்ச தண்ணியையும் சுண்டக் காய்ச்சி திரும்ப அதுலயே கலந்து உலர்த்தினா அதுதான் டிடிஜிஎஸ். 100 கிலோ மக்காச்சோளம் உள்ள போனா சுமாரா 30 கிலோ இது வெளிய வரும். அதாவது மூணுல ஒரு பங்கு. இந்த மூணுல ஒரு பங்குங்கற கணக்கை மறக்காதீங்க, பின்னாடி பூசணம் பத்தி பேசும்போது இதுதான் முக்கியம்.

பெட்ரோல்ல 20% எத்தனால் கலக்கற திட்டம் வந்த பிறகு தானியத்துல இருந்து எத்தனால் எடுக்கற ஆலைங்க நாடு முழுக்க நிறைய வந்துடுச்சு, அதனாலதான் இந்த சரக்கு திடீர்னு இவ்வளவு கெடைக்குது. உலர்ந்த சரக்குல ஆல்கஹால் இருக்காது, அது காய்ச்சும்போதே போயிடும், அதனால மாடு போதையாகுமா, பால்ல சாராயம் வருமான்னு பயப்பட வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கவனம். கரும்பு ஆலை மொலாசஸ்ல இருந்து சாராயம் காய்ச்சற எடத்துல கருப்பா ஒரு கழிவுத்தண்ணி வரும். அது வேற, இது வேற. அது தீவனம் கெடையாது. யாராவது டேங்கர்ல சும்மா ஊத்தறேன்னு சொன்னாலும் மாட்டுப்பக்கம் விடாதீங்க.

அரிசியா மக்காச்சோளமா, கேட்டுட்டு வாங்குங்க

கடையில மொத கேள்வி இதுதான். அரிசி டிடிஜிஎஸ்ல புரதம் 42 முதல் 45% வரைக்கும் இருக்கும், கிட்டத்தட்ட கடலைப் புண்ணாக்கு அளவு. மக்காச்சோள டிடிஜிஎஸ்ல 26 முதல் 30% தான். ரெண்டும் ஒரே பேர்ல விக்குது, விலை வேற வேற. எதுன்னு தெரியாம வாங்கிட்டு வந்து அடுத்தவங்க சொன்ன அளவுல கலந்தா கணக்கே தப்பாயிடும்.

விலையை மூட்டைக்கு பாக்காதீங்க, புரதத்துக்கு பாருங்க. கணக்குக்காக வெச்சுக்கோங்க, கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபா, புரதம் 42%. அப்ப ஒரு கிலோ புரதம் 119 ரூபா ஆகுது. மக்காச்சோள டிடிஜிஎஸ் கிலோ 25 ரூபா, புரதம் 27%னா ஒரு கிலோ புரதம் 93 ரூபா. இங்க லாபம் இருக்கு. அதே டிடிஜிஎஸ்ஸை 34 ரூபாய்க்கு சொன்னாங்கன்னா 126 ரூபா ஆயிடும், பேசாம புண்ணாக்கே வாங்கிக்கலாம். அன்னன்னைக்கு விலையை போட்டு இந்த வகுத்தல் ஒண்ணு பண்ணிட்டு வாங்குங்க, போன்லயே ரெண்டு நிமிஷ வேலை.

அப்புறம் மூட்டையை அவுத்து பாக்காம காசு குடுக்காதீங்க. நெறம் பொன் மஞ்சள்ல இருந்து இளம் பழுப்பு வரைக்கும் இருந்தா நல்லது. காபித்தூள் மாதிரி கரும்பழுப்பா இருந்து தீய்ஞ்ச வாடை அடிச்சா உலர்த்தும்போது சூடு அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். லேப்ல புரதம் சரியா காட்டும், ஆனா அந்த புரதம் மாட்டுக்கு செரிக்காம சாணியோட போயிடும். நல்ல சரக்குல லேசா புளிச்ச, வறுத்த தானிய வாடை வரும். கை நிறைய அள்ளி அமுக்கிப் பாருங்க, உருண்டை புடிச்சு அப்படியே நின்னா ஈரம் அதிகம், உதிர்ந்து போகணும். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில ஒரு பிடி போட்டு கலக்கி விட்டா மண்ணு இருந்தா அடியில தங்கும், உமி கலந்திருந்தா மேல மெதக்கும்.

யூரியா கலப்படமும் இதுல நடக்குது, ஏன்னா லேப்ல புரதத்தை நைட்ரஜனை வெச்சுதான் கணக்கு போடறாங்க, யூரியா போட்டா புரதம் ஜாஸ்தியா காட்டும். சந்தேகமா இருந்தா பச்சை சோயாபீன்ஸை அரைச்ச மாவு ரெண்டு ஸ்பூன், சரக்கு நாலு ஸ்பூன், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி, மூடி போட்ட பாட்டில்ல அரை மணி நேரம் வெச்சு தெறந்து மோந்து பாருங்க. மூக்குல ஏர்ற அமோனியா வாடை வந்தா அந்த மூட்டை வேணாம். வறுத்த சோயா, சோயாப் புண்ணாக்கு போட்டா இது வேலை செய்யாது, பச்சையாத்தான் இருக்கணும்.

பூசண நஞ்சு, இதுக்கு மட்டும் சமரசம் கெடையாது

மத்த எல்லாத்துலயும் முன்ன பின்ன இருக்கலாம், இதுல கூடாது. மக்காச்சோளத்துல பூசணம் புடிச்சா அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு வரும். நொதிக்க வெச்சாலும் காய்ச்சினாலும் அது அழியாது, ஆல்கஹாலோடவும் போகாது, மிச்சத்துலயேதான் நிக்கும். மூணு கிலோ தானியம் ஒரு கிலோவா சுருங்கும்போது நஞ்சும் மூணு மடங்கா செறிஞ்சிடும். தானியத்துல 20 பிபிபி (நூறு கோடியில 20 பங்கு) இருந்தா டிடிஜிஎஸ்ல 60 வந்து நிக்கும், மாட்டுத் தீவனத்துக்கு இந்திய தரநிர்ணய அமைப்பான பிஐஎஸ் வெச்சிருக்கற உச்ச அளவே 20 பிபிபி தான். அதுவும் 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில மனுஷங்க சாப்பிட லாயக்கில்லாத சேதமான தானியத்தையும் எத்தனாலுக்கு எடுத்துக்கலாம்னு அனுமதி இருக்கு. பெட்ரோலுக்கு அது சரி, மிச்சத்தை வாங்கி மாட்டுக்கு போடற நாமதான் உஷாரா இருக்கணும்.

மாடு இதை தின்னா ஒரு நாளுக்குள்ளயே பால்ல எம்1ங்கற வடிவத்துல வந்துடும். பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ வெச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பாலை காய்ச்சினாலும் இது போகாது. அந்த பாலை நம்ம வீட்டு கொழந்தைங்களும்தான் குடிக்குது, ஊர்ல வாங்கற கொழந்தைங்களும்தான் குடிக்குது. அதனால பூசண வாடை லேசா வந்தா கூட, "வெயில்ல காயவெச்சா சரியாயிடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வெயில்ல ஈரம்தான் போகும், நஞ்சு அப்படியேதான் இருக்கும். நஞ்சை புடிச்சு வெக்கற டாக்சின் பைண்டர் பவுடர் கொஞ்சம் ஒதவும், கெட்டுப்போன சரக்கை அது நல்லதாக்காது.

கண்ணுல பூசணம் தெரியாமலும் நஞ்சு இருக்கலாம்ங்கறதால, ஒரே ஆலை சரக்கை நாலஞ்சு பேரு சேர்ந்து வாங்கறீங்கன்னா ஒரு சாம்பிள் டெஸ்ட்டுக்கு குடுத்துடுங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பகுப்பாய்வு லேப் இருக்கு, சேலத்துல இருந்து ஒரு மணி நேர பஸ்தான். புரதம், ஈரம், மண்ணு, அஃப்ளாடாக்சின் எல்லாம் பாக்க சொல்லுங்க. சாம்பிளை ஒரே மூட்டையில அள்ளாதீங்க, நஞ்சு அங்கங்க திட்டுதிட்டாதான் இருக்கும். பத்து மூட்டையில மேல, நடுவுல, அடியில கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒண்ணா கலந்து அதுல அரை கிலோ எடுத்துட்டு போங்க.

இப்ப திப்பிக்கு வரலாம்

மரவள்ளிக்கிழங்குல இருந்து மாவை எடுத்துட்டா மிச்சம் திப்பி. ஆனா ஜவ்வரிசி ஆலையில முழு மாவையும் எடுக்க முடியாது, காய்ஞ்ச திப்பியில பாதிக்கு மேல இன்னும் மாவுச்சத்துதான். புரதம் சுமாரா 2% தான், ஒண்ணுமே இல்லன்னு வெச்சுக்கலாம். டிடிஜிஎஸ்ல இதுக்கு நேர் எதிரா மாவுச்சத்து போயி புரதம் நிக்குது. மாட்டு வயித்துல இருக்கற நுண்ணுயிருக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வேணும், புரதம் மட்டும் போனா வீணாகி மூத்திரத்துல போயிடும், மாவு மட்டும் போனா வயிறு புளிச்சு அசிடோசிஸ் ஆகும். ஒண்ணோட குறையை இன்னொண்ணு நெரப்புது. ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடி பக்கமெல்லாம் திப்பி கைக்கெட்டற தூரத்துல இருக்கறப்ப மக்காச்சோள மாவுக்கே முழுக் காசையும் கொட்ட வேண்டியதில்ல.

திப்பி வாங்கும்போது நல்லா காய்ஞ்சதா வாங்குங்க. பச்சைத் திப்பியில, அதுலயும் கிழங்குத்தோல் சேர்ந்திருந்தா, சயனைடு நஞ்சு மிச்சம் இருக்க வாய்ப்பு இருக்கு, வெயில்ல நல்லா காய காய அது குறையும். களத்துல மண்ணு தரையில காயப்போட்டதா சிமெண்ட் தரையான்னும் பாருங்க.

கறவை மாட்டுக்கு 100 கிலோ கலவைக்கு நான் சொல்ற அளவு இது, மக்காச்சோள டிடிஜிஎஸ்ஸா இருந்தா:

மக்காச்சோள மாவு 25 கிலோ, காய்ஞ்ச திப்பி 20, டிடிஜிஎஸ் 20, கடலைப் புண்ணாக்கு 15, கோதுமைத் தவிடு 16, தாது உப்புக் கலவை 2, கால்சைட் பவுடர் (சுண்ணாம்புச்சத்துக்கு) 1, சாதா உப்பு 1.

இதுல புரதம் சுமாரா 17% வரும். அரிசி டிடிஜிஎஸ்ஸா இருந்தா புண்ணாக்கை 7 கிலோவா குறைச்சுட்டு மக்காச்சோளத்தை 33 ஆக்கிக்கோங்க, மத்ததெல்லாம் அப்படியே, புரதம் அதே 17%க்கு வந்து நிக்கும். மிச்சமாகற காசு இந்த 8 கிலோ புண்ணாக்குலதான் இருக்கு.

புண்ணாக்கை மொத்தமா எடுத்துட்டு டிடிஜிஎஸ் மட்டும் போடலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. நான் வேணாம்னுதான் சொல்லுவேன். தானிய புரதத்துல லைசின்ங்கற அமினோ அமிலம் கம்மி, வேற வேற புரதம் கலந்து போனாதான் பால் நிக்கும். அதோட ஒரே சரக்கை மட்டும் நம்பியிருந்தா அது கெட்டுப்போன வாரம் எல்லாம் கெட்டுடும்.

கலக்கறதுக்கு முன்னாடி தாது உப்பு, கால்சைட், உப்பு மூணையும் ரெண்டு கிலோ தவிட்டுல தனியா கலந்துக்கோங்க, அப்புறம் பெருசுல கொட்டி மம்முட்டியால மூணு தடவை எடம் மாத்தி கலங்க. நேரா பெருங்குவியல்ல உப்பை தூவினா ஒரு மாட்டுக்கு எல்லா உப்பும் இன்னொரு மாட்டுக்கு ஒண்ணுமில்லாமலும் போயிடும்.

எவ்வளவு போடறது, எப்படி பழக்கறது

உடம்புக்கு 1.5 கிலோ, அதுக்கு மேல ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ கலவை. 10 லிட்டர் கறக்கற கலப்பின மாட்டுக்கு 5.5 கிலோ வருது, அதை காலை சாயங்காலம்னு பிரிச்சு போடுங்க. இதுல டிடிஜிஎஸ் 1.1 கிலோதான் இருக்கும். புதுசா ஆரம்பிக்கறவங்க ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல டிடிஜிஎஸ் போகாம பாத்துக்கோங்க.

மொத நாளே முழுசா போடக்கூடாது. மொத மூணு நாலு நாளு பழைய தீவனத்துல கால் பங்கு புதுசு, அடுத்த நாலு நாளு பாதிக்கு பாதி, அப்புறம் முக்கால், ரெண்டு வாரத்துல முழுசு. வயித்துல இருக்கற நுண்ணுயிர் புது தீவனத்துக்கு மாற அந்த நேரம் வேணும். நடுவுல சாணி எளகினா அளவை கூட்டாம அதே அளவுலயே ரெண்டு நாள் வெச்சு பாருங்க, எளகினது கெட்டியான பிறகு மேல போங்க.

நம்ம பக்கம் தண்ணி காட்டற பழக்கம் இருக்கு, எல்லாத்தையும் தொட்டியில கரைச்சு குடிக்க விடுவாங்க. இந்த கலவையை அப்படி கரைக்காம, பிசிறின பதத்துக்கு மட்டும் தண்ணி தெளிச்சு குடுங்க, தண்ணியை தனியா வைங்க. கரைச்சா டிடிஜிஎஸ் அடியில தங்கி மத்தியானத்துக்குள்ள புளிச்சிடும், அடுத்த வேளை அது மேலயே புதுசா ஊத்துவோம், மாடு மொகத்தை திருப்பிக்கும்.

தட்டும் வைக்கோலும் பசுந்தீவனமும் குறையவே கூடாது. டிடிஜிஎஸ்ல நார் இருக்கேன்னு நெனைக்கலாம், ஆனா அது பொடி நார், மாட்டை அசைபோட வைக்காது. மக்காச்சோள எண்ணெயும் அதுல 8, 10% வரைக்கும் இருக்கும், அது அதிகமா போனா பால்ல கொழுப்பு எறங்கும். ஆவின் சொசைட்டியில கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மிச்ச திடச்சத்து) பாத்துதான் காசு, அதனால மாத்தற ரெண்டு வாரமும் பால் அட்டையில கொழுப்பு எவ்வளவு விழுதுன்னு தினமும் பாருங்க. எறங்கினா மொதல்ல சோளத்தட்டை கூட்டுங்க, அதுக்கும் சரியாகலன்னா டிடிஜிஎஸ்ஸை குறைங்க. கன்னுக்குட்டிக்கு மூணு மாசம் வரைக்கும் இது வேணாம்.

சுண்ணாம்புச்சத்து விஷயம், ஆடு வெச்சிருக்கறவங்க கட்டாயம் படிங்க

டிடிஜிஎஸ்ல பாஸ்பரஸ் ரொம்ப ஜாஸ்தி, கால்சியம் ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம். தவிடும் அப்படித்தான். திப்பி வந்தும் இதை சரி பண்ணாது. அதனாலதான் மேல கலவையில கால்சைட் தனியா போட்டிருக்கேன், அதை மிச்சம் புடிக்காதீங்க.

மாட்டுக்கு பால் குறையும், ஈன்ன பிறகு எழுந்திருக்க மாட்டாம படுத்துக்கும், அது ஒரு பக்கம். கடாவுக்கு இது உயிர்ப் பிரச்சனை. பாஸ்பரஸ் கூடினா மூத்திரப்பையில கல்லு சேரும், கடாக்குட்டிக்கு மூத்திரக்குழாய் குறுகலா இருக்கறதால அடைச்சுக்கும், காயடிச்ச கடாவுக்கு இன்னும் மோசம். சேலம் கருப்பு ஆடோ மேச்சேரி செம்மறியோ பக்ரீத்துக்கு கடா வளர்த்து விக்கறவங்க சீக்கிரம் எடை ஏத்தணும்னு இதை அள்ளிப் போடறாங்க, விக்கற மாசத்துல கடா மூத்திரம் போக முக்கிட்டு நிக்கும்போதுதான் தெரியும். ஆட்டு அடர்தீவனத்துல டிடிஜிஎஸ் 10 முதல் 15% போதும், வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் கலவைக்கு மேல வேணாம், தழை தாராளமா குடுங்க. அகத்தி, சவுண்டல், கல்யாண முருங்கைத் தழையில கால்சியம் இருக்கு, அதை தெனமும் கட்டுங்க. தண்ணி எப்பவும் இருக்கணும். செம்மறிக்கு மாட்டு தாது உப்பை போடாதீங்க, தாமிரம் அதுக்கு தாங்காது, செம்மறிக்குன்னே வர்றதை வாங்குங்க.

நாட்டுக்கோழிக்கு தீவனத்துல 5% வரைக்கும் மக்காச்சோள டிடிஜிஎஸ் சேர்த்துக்கலாம், முட்டைக்கரு நல்ல மஞ்சளா வரும்.

ஈரமா கெடைச்சா

சில சமயம் பீர் ஆலையில இருந்தோ சாராய ஆலையில இருந்தோ உலர்த்தாத ஈரச்சக்கை லோடு வரும், கிலோ விலையை கேட்டா ஆசையா இருக்கும். பீர் சக்கையில முக்கால் பங்கு தண்ணி, 100 கிலோவுக்கு 25 கிலோதான் தீவனம், லாரி வாடகை அந்த 75 கிலோ தண்ணிக்கும் சேர்த்துதான். பக்கத்துல ஆலை இருந்தாதான் கட்டுப்படியாகும். சித்திரை வெயில்ல ரெண்டு மூணு நாளைக்கு மேல நிக்காது. வாங்கினா அன்னைக்கே 100 கிலோவுக்கு 20 கிலோ காய்ஞ்ச திப்பி கலந்து, மூடி இறுகற பிளாஸ்டிக் டிரம்முல காத்து போகாம மிதிச்சு அடைச்சு, மூணு வாரம் வெச்சு எடுத்தா ஊறுகாய்ப்புல் மாதிரி நிக்கும். தெறந்த பிறகு தெனமும் மேல இருந்து ஒரு சாண் எடுத்துட்டு உடனே மூடணும். மாட்டுக்கு 5 கிலோவுல ஆரம்பிச்சு 8, 10 கிலோவோட நிறுத்துங்க, கறந்து முடிச்ச பிறகு வைங்க, கறக்கற நேரத்துல வெச்சா அந்த வாடை பால்ல ஏறிடும்.

ஏற்காட்டுக்காரங்களுக்கு

கீழ ஓமலூர்ல ஒரு மாசம் நிக்கற மூட்டை மேல சேர்வராயன் மலையில நிக்காது. பனியிலயும் மழையிலயும் காத்துல இருக்கற ஈரத்தை டிடிஜிஎஸ் அப்படியே இழுத்துக்கும், ஒரு வாரத்துலயே கட்டி புடிக்க ஆரம்பிக்கும். மலையேத்தற வாடகையை பாத்து ஒரேடியா நிறைய வாங்கிப் போடாதீங்க, மழைக்காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஆகற அளவு போதும். பக்கத்து தோட்டத்துக்காரங்களோட சேர்ந்து ஒரே வண்டியில ஏத்தி பிரிச்சுக்கிட்டா வாடகையும் கட்டுப்படும். சாக்கை தரையில வைக்காம பலகை மேல, செவுத்துல இருந்து ஒரு முழம் தள்ளி வைங்க, முடிஞ்சா மூடி போட்ட டிரம்முல கொட்டிடுங்க. அடுப்பு எரியற அறைக்கு பக்கத்து அறை இதுக்கு நல்ல எடம். ஈரக்கையால அள்ளாதீங்க. கட்டி புடிச்ச பகுதியை ஒடைச்சு கலக்காம அப்படியே எடுத்து குப்பைக்குழியில போட்டுடுங்க, கோழிக்கும் வேணாம்.

எப்ப நிறுத்தணும்

ஆலையில பதத்துக்கு சல்ஃப்யூரிக் ஆசிட் சேர்க்கறதால டிடிஜிஎஸ்ல கந்தகம் கொஞ்சம் அதிகம் இருக்கும், போர் தண்ணியிலயும் சல்ஃபேட் இருந்தா ரெண்டும் சேர்ந்துக்கும். மாடு ஆடு கண்ணு தெரியாத மாதிரி முட்டிக்கிட்டு நடந்தா, தலையை செவுத்துல அழுத்திட்டு நின்னா, நடுங்கினா இந்த தீவனத்தை அப்பவே நிறுத்துங்க. கடா மூத்திரம் போகாம முக்கினாலும், மாடு அசைபோடறதை விட்டு தீனியை மோந்துட்டு ஒதுங்கினாலும் இதேதான். பழைய தீவனம், வைக்கோல், நல்ல தண்ணி குடுத்துட்டு உங்க ஊர் கால்நடை டாக்டரையோ 1962 ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்க. எந்த மூட்டையில இருந்து போட்டீங்களோ அதுல ஒரு கிலோ எடுத்து கவர்ல கட்டி தேதி எழுதி வைங்க, டாக்டர் கேட்டா காட்டணும்.